பன்னிக்குச் சாப்பாடு வச்சாச்சா

உட்காருங்க அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். கட்டில்லயே உட்காருங்க. பனியன் மூட்டையை அந்தப் பக்கம் தள்ளிக்கங்க, ஒண்ணும் ஆகாது, இன்னும் பிசிறு வெட்டாத மூட்டைதான். காலை மட்டும் சித்த மேல தூக்கி வச்சுக்கங்க. தப்பா நினைக்காதீங்க. அது கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.

ஆமாங்க, உங்க முயல்தான்.

இல்லைன்னு சொல்ல மாட்டேன். வாசல்ல உங்களைப் பார்த்ததுமே எனக்குக் கை கால் ஓடலை. எங்க அத்தை இருந்திருந்தா அவங்க பேசியிருப்பாங்க. அவங்க பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்காங்க. எனக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. கல்யாணமாகி இந்த லைன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயே முகம் கொடுத்துப் பேசினதில்லை. நீங்க அப்போ பின்பக்கத்துத் தனி வீட்டில இருந்தீங்க. நமக்கு நடுவில் கண்ணாடிச் சில்லு பதிச்ச அந்தச் சுவர் ஒண்ணுதான். ஆனா உங்க முகம்கூட எனக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். இப்ப வாசல்ல நின்னு 'ஏம்மா, அம்சவேணின்றது நீதானா'ன்னு கேட்டீங்களே, அந்தக் குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.

முயல் இங்கே இருக்குன்னு எங்க வீட்டு ஓனரம்மா சொன்னாங்களா? சொல்லட்டுங்க, நல்லதுதான். ஒளிச்சு வச்சிருக்கேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஓனரம்மாகிட்ட உங்க போன் நம்பரை வாங்கி, இந்த மாதிரி உங்க பொருள் எங்கிட்ட இருக்குன்னு நானே சொல்லணும்னு இருந்தேன். இருந்தேன். அவ்வளவுதான். கேட்கலை. என் வியாதியே அதுதான் அக்கா, மனசுக்குள்ள பத்துத் தரம் சொல்லிப் பார்ப்பேன், வாசப்படி தாண்டினா வாய் ஒட்டிக்கும்.

எப்படிக் கொண்டுவந்தேன்னு கேட்கறீங்க. சொல்லிடறேன். ஆனா அதைச் சொல்லணும்னா அதுக்கு முந்தி வேற ஒண்ணைச் சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது.

நான் வீட்டோட இருந்து பிசிறு வெட்டறவ. காலையில கம்பெனி வண்டி மூட்டையைப் போட்டுட்டுப் போகும். தையலில் தொங்கற நூலையெல்லாம் கத்திரிச்சு மடிச்சு வைக்கணும். கைக்குத்தான் வேலை. காது சும்மா இருக்குமில்லைங்களா. சுவருக்கு அந்தப் பக்கம் உங்க வீட்டுப் பேச்சு வந்து விழும். ஒட்டுக் கேட்டேன்னு நினைக்காதீங்க, தானா விழும். 'பன்னிக்குச் சாப்பாடு வச்சாச்சா?'ன்னு அண்ணன் கேட்பார். 'நான் வைக்கலை, நீங்க வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்'ம்பீங்க நீங்க. 'எனக்கு வேற வேலை இல்லை பாரு'ம்பார் அவர். அப்புறம் டி.வி. சத்தம் வந்துடும். இன்னொரு நாள், 'பன்னி நாத்தம் குடலைப் புடுங்குது, அந்தப் பக்கமாத் தள்ளி விடுங்க'ன்னு உங்க குரல் கேட்கும். 'எந்த நேரத்துல இந்தப் பன்னியை வீட்டுக்குள்ள விட்டமோ'ன்னு ஒருநாள்.

இங்கிலீஷ்ல முயலை அப்படிச் செல்லமாக் கூப்பிடுவாங்கன்னு எனக்கு என்னங்க தெரியும். நான் படிச்சது அஞ்சாவது. பன்னின்னா எனக்குப் பன்னிதான். மார்பிள் தரை போட்ட வீட்டில் பன்னி வளர்க்க மாட்டாங்கன்னு தெரியும். அப்போ அது யாரையோ திட்டற வார்த்தைதானே? யாரைன்னு யோசிச்சேன். உங்க பொண்ணை 'ரித்தி, தங்கம்'னுதான் கூப்பிடுவீங்க, அது அவ இல்லை. அண்ணனைச் சொல்ல மாட்டீங்க. அப்போ உங்க மாமியார்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

சிரிக்கறீங்களா. சிரிங்க. உங்களுக்கு மாமியாரே இல்லையா? அண்ணன் சின்னப் பையனா இருக்கும்போதே போய்ட்டாங்களா? ஐயோ பாவம். பாருங்க, இல்லாத மனுஷியை நான் எத்தனை நாள் நினைச்சு நினைச்சு வெசனப்பட்டிருக்கேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், பின் வீட்டில் பெரியவங்களுக்குச் சோறு போடறதில்லை போல இருக்குதுங்கன்னு. 'அவங்க வீட்டு வழக்கு நமக்கெதுக்கு, நீ நூலை வெட்டு'ன்னுட்டார். எங்க அத்தை விடலை. 'நல்லாக் காதைத் தீட்டிக் கேட்டுக்கோ. நாளைக்கு என்னையும் அப்படிப் பட்டினி போடறதுக்கு இப்பவே படிச்சுக்கறியா'ன்னாங்க. அதுக்கப்புறம் நான் வீட்டில் அதைப் பத்திப் பேசலை.

ஆனா ஒருநாள் மனசு கேட்கலை. உங்க வீட்டில் எல்லாரும் எங்கேயோ கிளம்பிப் போற சத்தம் கேட்டுச்சு. 'பன்னிக்கு?'ன்னு உங்க பொண்ணு கேட்டா. 'வந்து பார்த்துக்கலாம், வா'ன்னீங்க. கார் போயிடுச்சு. நான் ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு போட்டு, ஊறுகாய் வச்சு, முந்தானையில மூடிக்கிட்டு, தெருவைச் சுத்தி உங்க கேட் வரைக்கும் வந்தேன் அக்கா. கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு பலகை. உங்க வீட்டில் நாய் இல்லைன்னு எனக்குத் தெரியும், நாய் இருந்தா சத்தம் கேட்டிருக்குமே. தெரிஞ்சும் அந்தப் பலகையைச் சாக்கா வச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன். யாராவது 'நீ யாரு'ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரு பயம். வீட்டுக்கு வந்து அந்தத் தயிர்சோற்றை நானே சாப்பிட்டேன். பசியோடதான் சாப்பிட்டேன், அதையும் சொல்லிடறேன்.

ஒரு மனுஷி பட்டினி கிடக்கறான்னு நினைச்சுக்கிட்டே பேசாம இருந்தவ நான். உங்களைச் சொல்ல எனக்கு என்னங்க இருக்கு. நீங்க முயலுக்குத்தான் போடாம விட்டீங்க.

ஐயோ, அப்படிச் சொல்லலைங்க. போட்டிருப்பீங்க, வேலையில ஒருநாள் ரெண்டுநாள் மறந்திருக்கும். எனக்குக் கேட்டதெல்லாம் அந்த ஒருநாள் ரெண்டுநாள் பேச்சாத்தான் இருக்கும்.

அப்புறம் நீங்க வீடு மாத்தினீங்க. டெம்போ வந்து சாமான் ஏத்தற சத்தம் காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் கேட்டுச்சு. சரி, பெரியவங்க போற இடத்திலாவது நல்லா இருக்கட்டும்னு நினைச்சுக்கிட்டேன். மறுநாள் மத்தியானம் நான் வெட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், சுவருக்கு அந்தப் பக்கம் 'டப்'னு ஒரு சத்தம். தகரத்தை யாரோ கையால் அடிக்கற மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் 'டப்'. காலி வீடு அக்கா. விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னே நினைச்சேன். அந்தம்மாவை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போய்ட்டாங்கன்னு.

அன்னைக்குத்தான் துவைக்கற கல்லு மேல பக்கெட்டைக் கவிழ்த்து, அது மேல ஏறி எட்டிப் பார்த்தேன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், தகரத்து மேல, கிளிக்கூண்டு மாதிரி ஒரு கம்பிக் கூண்டு. உள்ள ஒரு வெள்ளை முயல், பின்னங்காலால் தட்டிக்கிட்டு. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு அக்கா. அட, முயலா, முயல்தானான்னு, பக்கெட்டு மேல நின்னுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறேன். அத்தனை நாள் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அது என்னையே பார்த்துச்சு. வெயில் நேரா அது மேல. அதோட பார்வையைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்னுச்சு.

கேட் பூட்டலைங்க, சும்மா சாத்தியிருந்துச்சு. போனேன், கூண்டோட தூக்கினேன், குடம் மாதிரி இடுப்பில் வச்சுக்கிட்டு வந்துட்டேன். கேட்காம இன்னொருத்தர் பொருளை எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மறந்துட்டுப் போயிருக்காங்க, இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னுதான் நினைச்சேன். வந்தா கொடுத்துடணும்னு கூண்டைக் கழுவித் துடைச்சு வச்சேன். அப்புறம் அந்தக் கூண்டை இவர் பழைய இரும்புக்குப் போட்டுட்டார். அதுக்கும் நான்தான் பொறுப்பு, அவரைச் சொல்லாதீங்க.

நகம் இருந்துச்சு பாருங்க அக்கா, வளைஞ்சு சுருண்டு கம்பியில மாட்டிக்கிட்டிருந்துச்சு. பாதத்தில் முடியே இல்லை, புண்ணு. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, கூண்டை மேலிருந்து பார்த்தா பாதம் தெரியாது.

முதல் நாள் நான் வீட்டைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். அது கூண்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி ஈரத் தரையை நக்குச்சு. எட்டின இடமெல்லாம் காயற வரைக்கும் நக்குச்சு. 'தண்ணி குடிச்சா பன்னி செத்துடும்'னு நீங்க உங்க பொண்ணைச் சத்தம் போட்டது எனக்கு ஞாபகம் வந்துச்சு, ஆனா அதைக் கேட்டப்போ நான் வேற என்னவோ நினைச்சுக்கிட்டேன். முயலுக்குத் தண்ணி ஆகாதுன்னு எங்க ஊரிலும் சொல்லுவாங்க, உங்க தப்பு இல்லை. ஆனா பார்க்கச் சகிக்கலை. டப்பா மூடியில் தண்ணி ஊத்தி வச்சுட்டு, கொல்லப் போறேன் கொல்லப் போறேன்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அது குடிச்ச குடியைப் பார்த்து எனக்கு அழுகை வந்துடுச்சு. மூடியை நக்கித் தள்ளிக்கிட்டே கூண்டோட அந்த ஓரம் வரைக்கும் போயிடுச்சு. சாகலை. மறுநாளும் சாகலை. அப்பதான் நம்பிக்கை வந்துச்சு.

நான் மட்டும் ஒழுங்கா வச்சேன்னு சொல்லலைங்க. கேளுங்க, வெள்ளிக்கிழமை வந்துச்சு. பொம்பளை முயல், இவ்வளவு நாத்தத்தோட இருக்கே, தலைக்கு ஊத்தி விடலாம்னு அத்தை சொன்னாங்க. நானும் நல்லெண்ணெய் வச்சு, சீயக்காய் தேய்ச்சு, வெந்நீர் ஊத்தினேன். அது கையில துணி மாதிரித் தொங்கிப்போச்சு. கண்ணு மட்டும் திறந்திருக்கு. பாப்பாவை வெயிலில் வச்சிருந்து சாம்பிராணி போடுவமே, அந்த மாதிரி மடியில போட்டு விசிறிக்கிட்டே இருந்தேன். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்புறம் கேட்டுட்டுத் தலையில கை வச்சுக்கிட்டாங்க. 'முயலுக்கு எண்ணெய்க் குளியலா? அதுக்குப் பயத்திலேயே உயிர் போயிருக்கணும்மா, உன் அதிர்ஷ்டம்'னாங்க. நகத்தை அவங்கதான் வெட்டி விட்டாங்க. பாதத்துக்கு மருந்து கொடுத்தாங்க.

கூண்டைத் திறந்து வச்சாலும் அது வெளியே வராதுங்க. கூண்டையே எடுத்த பிறகும், கூண்டு எவ்வளவு அகலமோ அந்த அளவு இடத்துக்குள்ளயே சுத்தும். நாலு பக்கமும் கம்பி இருக்கற மாதிரியே வந்து நின்னு திரும்பிக்கும். எங்க பாப்பா சஷ்டிகா அதைப் பார்த்துட்டுத் தானும் அதே மாதிரி நின்னு நின்னு திரும்புவா. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கலை. தூக்கி நடுவில் விடலாம்னு பார்த்தேன், தூக்கினாலே உதறுச்சு. அப்புறம் விட்டுட்டேன். என்ன பண்ணினேன்னா, அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் தரையில உட்கார்ந்து என் பாட்டுக்குப் பிசிறு வெட்டினேன். என்னையும் யாராவது உத்துப் பார்த்தா எனக்கு வேலை ஓடாது, அதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். எத்தனையோ நாள் கழிச்சு, ஒருநாள் முதுகுப் பக்கம் புடவையை என்னமோ இழுக்கற மாதிரி இருந்துச்சு. திரும்பலை. மூச்சு விடக்கூடப் பயம். கீழே கிடந்த நூலை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கம்பியெல்லாம் தாண்டி வந்துடுச்சு அக்கா, இல்லாத கம்பியை.

அம்மிணின்னு கூப்பிடறோம். உங்க பொண்ணு வச்ச பேரையே வச்சிருக்கலாம், எங்க அத்தை ஒத்துக்கலை. காலங்காத்தால எந்திரிச்சுப் பன்னி பன்னின்னு கூப்பிட்டா குடும்பம் விளங்குமான்னாங்க.

அதுக்கப்புறம்தான் அக்கா நான் பண்ணக் கூடாததைப் பண்ணினேன். அதை உங்ககிட்டச் சொல்லாம உங்க முயலைப் பத்தி வேற என்ன சொன்னாலும் அது பொய்யாப் போயிடும்.

அம்மிணி நூலைக் கவ்விக்கிட்டுப் போச்சுன்னேனா. அதை ஒரு வேலையாவே ஆரம்பிச்சுடுச்சு. பிசிறு, துண்டுத் துணி, துடைப்பத்துக் குச்சி, எது கிடைச்சாலும் வாய் நிறையக் கவ்விக்கிட்டு, மீசை வச்ச மாதிரி, அந்த மூலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதோ, சிலிண்டருக்குப் பின்னால. நான் பெருக்கி அள்ளிடுவேன். அது மறுபடி சேர்க்கும். விளையாடுதுன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கிப் போட ஆரம்பிச்சுடுச்சு. மூலை பூரா வெள்ளை முடி. வீட்டுக்குள்ள முடி பறந்தா தரித்திரம், அதுவும் சோத்துல விழுந்தா குடும்பத்தில் சண்டை ஓயாதுன்னு அத்தை ஒரே சத்தம். பாப்பா வாயில போயிடுமோன்னு எனக்கும் பயம். முடி கொட்டுதுன்னு நினைச்சேங்க. எனக்கும் பாப்பா பொறந்தப்போ கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. அதே மாதிரின்னு நினைச்சு, தேங்காயெண்ணெயைத் தொட்டு அதோட நெஞ்சில தடவி விட்டேன். மூலையைக் கூட்டி, துடைச்சு, முடியெல்லாம் அள்ளிக் குப்பைப் பக்கெட்டில் போட்டேன். அது வந்து காலி மூலையைப் பார்க்கும். மறுபடி நெஞ்சைக் குனிஞ்சு பிடுங்கும். மறுபடி நான் கூட்டுவேன். கடைசியில நெஞ்சில பிடுங்கறதுக்கு முடியே இல்லாம, தோல்தான் தெரிஞ்சுது.

பிள்ளை பெத்தவ நான். எனக்குத் தெரியலை பாருங்க.

காலையில தண்ணி பிடிக்க எந்திரிச்சு லைட்டைப் போட்டேன். அந்த மூலையிலிருந்து அடுப்படி வரைக்கும், போற வழியெல்லாம் குட்டி போட்டிருந்துச்சு. சுண்டு விரல் அளவு. செக்கச்செவேல்னு, மேல ஒரு பொட்டு முடி இல்லாம. சிமெண்ட் தரை எப்படிச் சில்லுன்னு இருக்கும், உங்களுக்கே தெரியும். ஒண்ணொண்ணாத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கல்லு மாதிரி. அம்மிணி நான் கூட்டி வச்ச சுத்தமான மூலையில் உட்கார்ந்திருந்துச்சு.

ஒண்ணு மட்டும் அடுப்படிச் சுவரோரம் அசைஞ்சுது. அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டேன். குப்பை வண்டி இன்னும் வரலை. பக்கெட்டை வாசல்ல கவிழ்த்தேன். டீத்தூளு, வெங்காயத் தோலு, அதுக்கு நடுவில் அம்மிணியோட முடி. பொறுக்க உட்கார்ந்தேன். எங்க அத்தை வந்து நின்னு பார்த்தாங்க. இன்னைக்கு என்ன பேச்சு வாங்கப் போறமோன்னு நினைச்சேன். ஆனா அவங்க கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு எதிரில் உட்கார்ந்து அவங்களும் பொறுக்கினாங்க. பொறந்த குழந்தையை முறத்தில்தானே போடுவாங்க. முறத்தில் பனியன் துணியை விரிச்சு, அந்த முடியைப் பரப்பி, நடுவில் அதை வச்சோம்.

அது இருக்குங்க. உயிரோட இருக்கு. இப்பத்தான் கண்ணு திறந்திருக்கு. மற்றதுக்கெல்லாம் நான்தான் காரணம். டாக்டரம்மா, 'தெரியாமப் பண்ணினதுதானே, விடும்மா'ன்னாங்க. தெரியாம நெருப்பைத் தொட்டாலும் சுடாம விடுமா, நீங்களே சொல்லுங்க. நீங்க வச்சிருந்தா இந்தப் பாவம் நடந்திருக்காதோ என்னமோ. கூண்டுக்குள்ள இருந்திருந்தா அது குட்டிக்குன்னு பிடுங்கிப் போட்ட முடியை நான் கூட்டியிருக்க மாட்டேனே.

அதுக்கு ஜோடி எங்கேயிருந்து வந்துச்சுன்னுதான் எங்களுக்குப் புரியவே இல்லை. என்னங்க? கறுப்பு முயலா? அண்ணனோட சிநேகிதர் கொண்டுவந்து விட்டிருந்தாரா? நீங்க வீடு மாத்தற வாரத்திலா?

அப்போ அது சினையா இருக்கும்னு உங்களுக்கு... இல்லைங்க, மறந்திருக்கும். வீடு மாத்தற அவசரத்தில் எத்தனை வேலை. நாங்க ஒருதரம் மாத்தினப்போ அம்மிக்கல்லையே விட்டுட்டு வந்துட்டோம்.

'இவ்வளவு நாள் கழிச்சு ஏன் வந்து கேட்கறாள்னு நினைக்கறியா'ன்னா கேட்கறீங்க? நினைக்கலைங்க. உங்க பொருள், நீங்க கேட்கறீங்க. ஓ. ஜோசியர் சொன்னாரா. வாயில்லா ஜீவனை விட்டுட்டு வந்திருக்கீங்க, அதோட வயிற்றெரிச்சல்தான்னு சோழி போட்டுச் சொன்னாரா. ரித்திக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருதா? அண்ணனுக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் கையை விட்டுப் போச்சா. கேட்கவே கஷ்டமா இருக்குங்க. சத்தியமாச் சொல்றேன், அது உங்களைச் சபிச்ச மாதிரி எனக்குத் தெரியலை. அதுக்குச் சாப்பிடவே நேரம் சரியா இருக்கு. ஆனா குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்றீங்களே. நான் எடுத்து வச்சிருக்கறதால உங்க குழந்தை அவஸ்தைப்படுதுன்னா, அந்தப் பாவத்தையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

ஜோசியர் வீட்டுக்குக் கொண்டுவந்து வச்சுக்கணும்னு சொன்னாரா, இல்லை அது வயிறு நிறையணும்னு சொன்னாரா? வயிறு குளிரணும்னுதான் சொன்னாரா. அப்போ இங்கேயே வந்து உங்க கையால் போடலாமேங்க. ரித்தியையும் கூட்டிக்கிட்டு வாங்க. முருங்கைக் கீரை, கொத்துமல்லித் தண்டு, அருகம்புல்லு எல்லாம் தின்னும். அருகம்புல்லுன்னா உயிர். பிள்ளையார் கோயில் ஐயர் எனக்குன்னு எடுத்து வச்சிருப்பார்.

வாரா வாரம் இந்தச் சந்துக்குள்ள வண்டியைக் கொண்டுவர முடியாதுதான். ஆமாங்க. புரியுது.

பெட்டி கொண்டுவந்திருக்கீங்களா. ஓட்டையெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. மிக்சி வந்த பெட்டிங்களா? நல்ல கெட்டிப் பெட்டி.

பெரியது மட்டும் போதுமா? குட்டி உங்களுக்கு வேண்டாமா?

இல்லைங்க அக்கா, குட்டியை எனக்கு விட்டுக் கொடுக்கறீங்கன்னு புரியுது. பெரிய மனசு. ஆனா அது பால் குடிக்குது. புல்லை இப்பத்தான் மோந்து பார்க்குது. சித்த இருங்க, குனிய வேண்டாம், இடுப்பு பிடிச்சுக்கும். பார்த்துட்டீங்களா. ஆமாங்க, பெரியது இந்தக் கோடியில இருக்கு, குட்டி முறத்தோட அந்தக் கோடியில இருக்கு. ஆமாங்க, பக்கத்திலேயே போகலைதான்.

'அது குட்டியைச் சீந்தவே இல்லை, அப்புறம் எடுத்துட்டுப் போனா என்ன'ங்கறீங்க.

அக்கா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. எங்க அத்தையும் இதையேதான் சொன்னாங்க. 'பெத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கறாளா பாரு'ன்னு. பாப்பா பொறந்து, எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்து, குழந்தையைத் தூக்க முடியாம நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தப்போ என்னைச் சொன்ன அதே வார்த்தை. நானும் அம்மிணியைச் சந்தேகப்பட்டேன். குழந்தைக்கு ஊட்டற பாலாடையில பசும்பால் எடுத்துக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போய், இதைக் கொடுக்கலாமான்னு கேட்டேன். அவங்க சொன்னாங்க, முயல் பகல் பூராவும் குட்டி பக்கமே போகாதாம். போனா அதோட வாசனையை வச்சுப் பூனை நாய் குட்டி இருக்கற இடத்தைக் கண்டுபிடிச்சுடுமாம். அதனால தள்ளியே உட்கார்ந்திருக்குமாம், தனக்கு யாருமே இல்லாத மாதிரி. பொழுது சாயும்போது, ஆள் அரவம் இல்லைன்னா, ஓடி வந்து பாலைக் கொடுத்துட்டு மறுபடி தள்ளிப் போயிடுமாம். 'நீங்க குடும்பத்தோட சுத்தி உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தா அது எப்படிம்மா வரும்'னாங்க.

அதனாலதான் எங்க அத்தை தினம் பொழுதோட பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறது. பக்தியெல்லாம் பெரிசா ஒண்ணும் கிடையாது. இவர் கம்பெனி விட்டு வந்தாலும் டீக்கடையில நின்னுட்டுத்தான் வருவார். நான் வாசல்ல போய் உட்கார்ந்துக்குவேன்.

அக்கா, பொழுது விழுந்துடுச்சு. எழுந்திருங்க. தப்பா நினைக்காதீங்க, வீடு தேடி வந்தவங்களை எழுந்திருங்கன்னு நான் யாரையும் சொன்னதில்லை. எழுந்திருங்க. மெதுவா. கட்டில் சத்தம் போடும். இந்தப் பக்கமா வாங்க. பெட்டியைக் கையிலேயே வச்சுக்கங்க. வாசப்படி உசரம், பார்த்து.

இருங்க, நானும் வெளியே வந்துடறேன். கதவைச் சாத்திடறேன். உங்க முகத்துக்கு நேராச் சாத்தறேன்னு நினைக்க வேண்டாம், நானும் உங்களோட வெளியேதான் நிக்கறேன்.

நான் தர மாட்டேங்க அக்கா.

இல்லைங்க, நாளைக்கு வந்தாலும்தான். அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்தாலும்தான். ஓனரம்மாகிட்டச் சொல்லி வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவேன்னா, சொல்லுங்க, நியாயம்தான். எடுத்தது நான்தானே. திருடின்னு சொல்லிக்கங்க, நான் ஒண்ணும் மறுத்துப் பேச மாட்டேன். ரித்திக்கு மாரியம்மனுக்கு நானே வேண்டிக்கறேன், சீக்கிரம் சரியாகிடும். யாருகிட்டயும் இப்படிப் பேசினதே இல்லை. நீங்க என்ன திட்டினாலும் திட்டுங்க, பன்னின்னுகூடச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

என்ன தேடறீங்க? வண்டிச் சாவியா? கட்டில் மேல, பனியன் மூட்டைகிட்ட வச்சீங்களா?

ஐயோ. இருக்கும், இருக்கும், அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் போகாது. ஆனா இப்ப கதவைத் திறக்க முடியாதுங்களே. இந்நேரம் அது முறத்துப் பக்கம் கிளம்பியிருக்கும். பால் கொடுத்து முடிக்கட்டும், நானே எடுத்துட்டு வந்து தர்றேன். இப்படி அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்க, கெட்டிப் பெட்டிதான், தாங்கும்.

மன்னிச்சுக்கங்க அக்கா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.